பதினேழாம் தொட்டில்

கூவம் சுற்றி வளைத்த இந்தத் திடலைத்
தீவென்று சொல்வதை நான் நம்பியதே இல்லை.
அன்று நம்பினேன்.
பொருட்காட்சி முடிந்து இரண்டாம் நாள்,
பந்தல் பிடுங்கிய குழிகளில்
ஏப்ரல் வெயில் தளும்பி நின்றது.
ஆற்று நாற்றம்கூடக் காய்ந்து மொறுமொறுத்தது.

ராட்டினத்தின் உச்சியில், பதினேழாம் தொட்டிலில்
டிக்கெட் கிழிக்கும் குலசேகரன்
தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார்,
உயிரில்லாமல்.

இன்ஸ்பெக்டர் ஆரோக்கியநாதன்
வந்ததும் ஷூவைக் கழற்றினார்.
காலுறையை உதறிக் கம்பியில் காயப்போட்டார்.
"ஏட்டய்யா, கரும்புச்சாறு வண்டி எங்கனா தெரியுதா பாருங்க.
இஞ்சி தூக்கலா."

தீயணைப்பு ஏணி உடலை இறக்கிப் போனது.
கைரேகைக்காரர்கள் நனைந்த சட்டையோடு போனார்கள்.
இவர் ராட்டின நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்.
நிழல் நகர நகர
அவரும் புரண்டு புரண்டு நகர்ந்தார்.
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்குக் கண் திறக்காமலே கேட்டார்:
"உள்ள உக்காந்தவன் கை
வெளித் தாழ்ப்பாளுக்கு எட்டுமா?"
கீழ்த் தொட்டிலில் உட்கார்ந்து நீட்டிப் பார்த்தேன்.
நாலு விரற்கடை குறைந்தது.
"அப்போ போட்டவன் ஒருத்தன் இருக்கான்.
எங்கயும் போக மாட்டான். பசிக்கும்."

பசித்தது.
சென்ட்ரல் பின்னால் ஒரு கையேந்தி பவனில்
கிடைத்தான் மோட்டார் ஓட்டும் சவரிராஜ்.
நான் லத்தியை எடுக்க, இவர் ஸ்டூலை இழுத்தார்.
"சாப்ட்டு முடி" என்று
தனக்கும் ரெண்டு பரோட்டா சொன்னார்.
இரண்டாவது விள்ளலில் அவன் அழுதான்.

ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி.
பதினோரு வருஷம் டிக்கெட் கிழித்த மனுஷன்
"ஒருவாட்டிகூட ஏறினதில்லடா, கழட்டறதுக்குள்ள
ஒரு சுத்து" என்றாராம்.
ஏற்றினான். உச்சியில் நிறுத்தினான்.
"காசு எப்போன்னு சொல்லு, இறக்கறேன்."
"மொதலாளி குடுத்தாத்தானே?"
சாவியை உருவிக்கொண்டு ஒரு குவார்ட்டருக்குப் போனான்.
அது நாலு குவார்ட்டர் தூரம் போய்விட்டது.

போன் கீழே, டிக்கெட் கூண்டில், சார்ஜில்;
இருபத்துமூன்று முறை அடித்து ஓய்ந்திருந்தது.
சர்க்கரை வியாதி. கூரையில்லாத தொட்டில்.
மீதியை வெயில் பார்த்துக்கொண்டது.

முடிந்ததென்று பேனாவை மூடினேன்.
மறுநாள் இவருக்கு ராட்டினம் ஏற ஆசை வந்தது.
வேர்க்கடலைப் பொட்டலம் சகிதம், என்னையும் கூட்டிக்கொண்டு.
துறைமுகத்துக் கிரேன்கள், கோட்டைக் கொடிமரம்,
சிவப்பாய் சென்ட்ரல், எறும்பாய் ஆட்டோக்கள்,
அதற்கும் மேலே நாங்கள் ரெண்டு பேர்.

தொட்டில் கம்பியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை,
யாரும் அவிழ்க்காமல் விட்ட முடிச்சோடு.
"இது எந்தப் பக்கம் பாத்துக் கட்டியிருக்கு?"
"போர் நினைவுச் சின்னம் சிக்னல், சார்."
கடலைத் தோலை ஊதினார்.
"திங்கக்கிழமை மத்தியானம் அங்க யாரு பந்தோபஸ்து?"

பார்த்தேன், சார்.
பன்னிரண்டு பத்து இருக்கும்.
உச்சியில் வெள்ளையாய் எதுவோ ஆடியது.
பட்டம் சிக்கியிருக்கு, மாஞ்சாவாய் இருந்தால்
யார் கழுத்தையாவது அறுக்கும்,
சொல்லவேண்டும் என்றுகூட நினைத்தேன்.
அதற்குள் சிக்னல் விழுந்தது.
மாலை வரைக்கும் அது ஆடியதா என்று
திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.
"அறிக்கை நீங்களே எழுதிடுங்க. உங்க கையெழுத்து நல்லாருக்கும்."

எழுதினேன்.
கடைசியாக உயிருடன் காணப்பட்ட நேரம்: பகல் 12.10.
பார்த்தவர்: தலைமைக் காவலர் எத்திராஜுலு.

அவர் நின்றுகொண்டே படித்தார்.
இரண்டு தடவை.
பிறகு குனிந்து, காய்ந்து விறைத்த காலுறையை மாட்டி,
ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார்.